ஜல்லிக்கரண்டி

செருகியதும்
தன்னைக் குறுந்தகடு என்றது.
வட்டம் இல்லை, நடுவில் துளை இல்லை,
கட்டைவிரல் நீளம் இருந்தால் அதிகம்.
வயிற்றில் ஒரு சிம் கார்டை ஒளித்துக்கொண்டு
வாய் கூசாமல் சொல்கிறது:
நான் தகடு, என்னைத் திற,
உள்ளே விண்டோஸுக்குச் சாமான் இருக்கிறது.

என்னிடம் விண்டோஸ் இல்லை.
போன கோடைமழைக்கு முன்னால் வைரஸ் தின்றது.
சேலம் ஜங்ஷன் பக்கம் தவ்லத் பாய்
லினக்ஸ் ஏற்றிக்கொடுத்து முந்நூறு வாங்கினார்.
"எல்லாம் ஓடும்க்கா.
நெட்டு மட்டும் கொஞ்சம் பேசிப் பழகணும்."

வெள்ளிக்கிழமை, மணி ஏழு.
நாற்பத்தொரு பெண்கள் பறித்த காப்பிப் பழத்தின் எடை
ஒன்பதுக்குள் சுவர்ணபுரி ஆபீசுக்குப் போகவேண்டும்.
போனால் நாளை கூலி, போகாவிட்டால் திங்கள்.
தீர்த்தாயி ஐம்பத்து மூன்று கிலோ.
கொளஞ்சி நாற்பத்தெட்டரை, அந்த அரைக்காகச் சண்டை போட்டவள்.
ஞாயிற்றுச் சந்தை திங்களுக்குக் காத்திருக்காது.

கறுப்புத் திரையில் கேட்டேன், யார் நீ?
பதினான்கு நாற்பத்தாறு என்றது.
தகடு வேஷத்தின் எண் அது.
தவ்லத் பாய் பில்லின் பின்பக்கம்
எழுதித் தந்த வரியைத் தேடினேன்.
தகட்டை வெளியே தள்ளும் கட்டளை.
இல்லாத தட்டிலிருந்து இல்லாத தகட்டை
வெளியே போ என்று அடித்தேன்.

விளக்கு அணைந்தது.
செத்துவிட்டது, ஆயிரத்து இருநூறு ரூபாய், என்று
நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
நீலமாய்க் கண் திறந்தது.
இப்போது யார் நீ?
பதினான்கு முப்பத்தாறு.
ஒரு நாலு மூன்றாகியிருந்தது, அவ்வளவுதான்.
துரத்தினால்தான் நிஜப்பேர் சொல்லும் ரகம்.

மூன்று வாசல் திறந்தன: பூஜ்யம், ஒன்று, இரண்டு.
ஒன்றில் ஆளில்லை.
இரண்டில் ஏதோ தனக்குள் முனகிக்கொண்டிருந்தது.
பூஜ்யத்தில் ஏ, டி என்று தட்டினேன்.
ஓகே.
அந்த வாரம் முழுக்க யாரும் எனக்குச் சொல்லாத ஓகே.

சிக்னல்?
முப்பத்தொன்றுக்கு ஐந்து.
எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஃபெயில்.

ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள்
இடுப்புவரைதான் தெரிந்தன.
இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே
சேலம் இருக்கிறது என்பது
இப்போதைக்கு நம்பிக்கை மட்டும்.

வாட்ச்மேன் சேவியர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தான்.
ஜல்லிக்கரண்டியைக் கேட்டேன்.
ஏன் என்று கேட்காமல் எண்ணெய் துடைத்துத் தந்தான்.
கரண்டியின் குழியில் மோடத்தை ரப்பர்பேண்டால் கட்டி
நீள வயரில் வெளியே நீட்டச் சொன்னேன்.
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
பனியில் நின்றான், டவரைப் போல.
"இடப்பக்கம். இன்னும். ஐயோ, அது ரொம்ப."
ஐந்து. ஒன்பது. எட்டு. பதினாறு.
"அசையாதே!"

ஸ்டார் தொண்ணூற்றொன்பது ஹேஷ்.
லைன் பிஸி.
மோடம் மேனேஜர் என்று ஒருவர்
கூப்பிடாமலே உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.
எஸ்டேட்டில் ஒரு மேனேஜர் போதும்.
எழுப்பி அனுப்பினேன்.

இணைந்தது என்றது திரை.
ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.
ஊருக்குள் வந்தும்
ஒருவர் பேரும் தெரியாத மருமகன் மாதிரி நின்றது.
பேர் கேட்க வேண்டிய முகவரி இரண்டை
கோப்பில் வரிவரியாய் எழுதிவைத்தேன்.
அப்புறம் போனது.
எட்டு ஐம்பத்திரண்டு.
பதினோரு கேபி, நாற்பத்தொரு பேர், ஒரு அரைக்கிலோ.

"போயிருச்சா மேடம்?"
"போயிருச்சு."
பனியைப் பார்த்தான் கொஞ்ச நேரம்.
"அப்ப கரண்டியக் குடுங்க,
எண்ணெய் கருகுது."

காலையில் மறுபடி செருகினேன்,
சம்பளம் ஏறியதா என்று பார்க்க.
நான் குறுந்தகடு, என்றது.